பந்தல் முல்லைக்குப் பொருள்

ராகவா,

இந்தக் கடிதத்தில் அணி எதுவும் இல்லை. தேடாதே.

'இவ்விடம் அனைவரும் க்ஷேமம்' என்று வழக்கம்போல் கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டேன். மேலே மை ஊறிக் கிடக்கிற இடம் அதுதான். வேறு காகிதம் எடுத்திருக்கலாம். தோன்றவில்லை.

செங்கமலம் படுத்திருக்கிறாள். இனி எழுந்திருக்க மாட்டாள். இவ்வளவு எழுதினால் போதும் என்று நினைத்தேன். திரும்பப் படித்தால் இதுவும் மங்கல வழக்குதான். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருப்பதைச் சொல்வது. வருஷந்தோறும் வகுப்பில் நான் நடத்துகிற பாடம். விளக்கை அணை என்னாதே, குளிரவை என்று சொல். சுடுகாடு என்னாதே, நன்காடு என்று சொல். பையன்கள் தலையைக் குனிந்து எழுதிக்கொள்வார்கள். நீயும் அந்த பெஞ்சியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவன்தான். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் முடிவதற்குள் அதை எழுதிவிட வேண்டும். அதற்காகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ரங்கூனுக்குக் கப்பல் ஏறிய வருஷத்து மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. அவளைப் பெற்றவள், உன் அத்தை, அதைச் சளி என்றாள். பிறகு இளைப்பு என்றாள். நான் உனக்கு 'உடம்பு சற்று அசௌக்கியம்' என்று எழுதினேன். செங்கமலம் தன் கையால் உனக்கு எழுதிய கடிதங்களில் 'சௌக்கியம்' என்றே எழுதினாள். ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு வார்த்தை. நோய்க்குப் பெயர் க்ஷயம். டாக்டர்கூட அந்தப் பெயரை எங்களிடம் சொல்லவில்லை. பெரிய காஞ்சிபுரத்திலிருந்து அவர் வந்த காலையில் நெசவுக்காரர்கள் தெரு நெடுகப் பாவு நூல் நீட்டியிருந்தார்கள். ஜட்கா சுற்றிக்கொண்டு வர நேரமாகிவிட்டது. அந்த எரிச்சலோடுதான் உள்ளே போனார். அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எரிச்சல் இல்லை. அதுவே எனக்குச் சேதி. "காத்து மாத்தம் வேணும்னு முன்னமே கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்" என்றார். "இப்ப?" என்றேன். பையை மூடினார். "கேக்கறதை எல்லாம் சாப்பிடக் குடுங்க." நேற்று மறுபடி வந்தார். இந்த வாரம் தாண்டாது என்றார். அவரிடமும் அணி தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

நம் வீட்டுப் பேச்சை நீ யோசித்துப் பார்த்திருக்கிறாயா? நான் பட்டணத்துக் கல்லூரியில் இருந்தபோது விடுதியில் ஒருவன் 'ரசம் ஊற்று' என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்கு அது சாத்தமுது. பாயசம் திருக்கண்ணமுது. சமைப்பது தளிகை பண்ணுவது. நம் வீட்டில் எதுவும் தன் சொந்தப் பெயரோடு இலைக்கு வந்ததில்லை. சோற்றுக்கே இப்படி என்றால் மற்றதற்குக் கேட்பானேன். உன் அம்மா போன அன்று, நீ சின்னப் பிள்ளை, 'அம்மா பெருமாளண்டை போயிட்டா' என்று தெருவே உன்னிடம் சொன்னது. நீ ஒருவரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போய்விட்டாய். நூற்றுக்கால் மண்டபத்தில் தூண் தூணாகத் தேடியிருக்கிறாய். குளக்கரையில் தேடியிருக்கிறாய். படியேறி மலைமேல் சன்னிதியில் தேடியிருக்கிறாய். திரும்பி வந்து, கர்மம் முடிந்து ஈரத்தோடு நின்ற என்னிடம், "அங்கே இல்லைப்பா" என்றாய். அப்போதாவது நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். "பெருமாள் அதைவிடப் பெரிய ஊருக்குக் கூட்டிண்டு போயிருக்கார்" என்றேன். நீ தலையாட்டினாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். உனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: இந்த வீட்டில் கேள்விக்குப் பதிலாக இன்னொரு உருவகம் கிடைக்கும்.

அதற்குப் பிறகுதான் அத்தை, தாலி இழந்தவள், செங்கமலத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு நம்மோடு இருக்க வந்தாள். நீங்கள் இருவரும் வளர வளர அந்த அணி விளையாட்டு வளர்ந்தது. யார் எதைப் பேசினாலும் அதற்கு இலக்கணப் பெயர் சொல்ல வேண்டும். முதலில் சொன்னவர் ஜெயித்தார். ஓரிக்கையிலிருந்து பால் கொண்டுவருவாளே, அவள் வாசலில் கூடையை இறக்கிவைத்து, "ஆத்து மணல்ல நடந்துக்கினு வந்ததுல காலு ரெண்டும் கழண்டே விழுந்துடுச்சி சாமி" என்பாள். நீ உள்ளிருந்தே "உயர்வு நவிற்சி!" என்று கத்துவாய்.

"இன்னா சாமி, உன் புள்ள என்னமோ திட்டுது?"

"திட்டலை. உங்களுக்குப் பேர் வைக்கறான்" என்பாள் செங்கமலம்.

"எங்கம்மா வச்ச பேரே எனக்கு இருக்குதும்மா. நீ சொம்பை வை."

அத்தைக்கு இந்த விளையாட்டைக் கண்டாலே ஆகாது. "சாதம் குழைஞ்சுடுத்துன்னா குழைஞ்சுடுத்துன்னு சொல்லித் தொலையுங்களேன். பஞ்சாட்டம் இருக்கு, பனியாட்டம் இருக்குன்னு அப்பனும் பிள்ளையும் உவமை சொல்லிண்டு! எனக்கென்ன புகழ்றேளா வையறேளான்னே தெரியலை" என்பாள். நீ உடனே "வஞ்சப் புகழ்ச்சி" என்பாய். அவள் கரண்டியை ஓங்குவாள்.

உனக்கும் செங்கமலத்துக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. நீ பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவாய். அவள் அங்கேயே நிற்பாள். ஒரு கருட சேவை அன்று சன்னிதித் தெருவில் கூட்டத்தோடு நின்றோம். பெருமாளுக்கு மேலே பிடித்த பெரிய குடை ஒரு பக்கம் சாய்ந்தது. நீ என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, குடை பெருமாளைச் சேவிக்கறது. தற்குறிப்பேற்றம்!" என்றாய். நான் பூரித்துப்போனேன். தானாக நடக்கிற ஒன்றின்மேல் கவி தன் எண்ணத்தை ஏற்றிச் சொல்வது. அந்த வயதில் அதைத் தெருவிலே கண்டுபிடித்துவிட்டாயே என்று. செங்கமலம் குடையைப் பார்க்கவில்லை. குடையைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள். "இல்லை மாமா. அவருக்குக் கை வலிக்கறது" என்றாள். அவளுக்கு அணி வரவில்லை என்று அன்று நினைத்தேன். உங்கள் கல்யாணத்தின்போதுகூட அதைச் சொல்லிச் சிரித்தேன்.

இப்போது முல்லைக்கு வருகிறேன்.

ஆனி மாதத்தில் அவளுக்குக் கொடுத்த பால் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கஞ்சியும் அப்படியே. அதை உனக்கு எழுத உட்கார்ந்தேன். வாந்தி என்ற சொல்லை எழுத வேண்டும், ரத்தம் என்ற சொல்லை எழுத வேண்டும். கொல்லைப்பக்கம் போய் நின்றேன். பந்தலில் முல்லை. திரும்பி வந்து கடிதத்தின் அடியில் இரண்டு அடி எழுதினேன்.

பந்தல் முல்லை பகலெலாம் வாடும்
சிந்தும் நீரோ சேராது வேரை.

உனக்கு விளங்கும் என்று நம்பினேன். பிறிது மொழிதல், ஒன்றைச் சொல்லி இன்னொன்றைப் பெறவைப்பது. உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். உண்மையில் கொல்லை முல்லைக்கு ஒரு கேடும் இல்லை. அன்றும் பூத்திருந்தது. இன்றும் பூத்திருக்கிறது. அத்தை பறித்துப் பெருமாள் படத்துக்குப் போடுகிறாள்.

உன் பதில் வந்தது. உனக்கு விளங்கித்தான் இருந்தது. 'பிறிது மொழிதல் அற்புதம், அப்பா' என்று எழுதியிருந்தாய். முல்லை என்பது தேசம். நீர் என்பது சட்டசபைச் சீர்திருத்தம். வேர் என்பது குடிஜனம். மேலே தெளிக்கிறார்கள், கீழே போய்ச் சேரவில்லை. அங்கே தமிழர்கள் கூடுகிற சபையில் நீ எழுந்து அதை வாசித்தாய், மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், எல்லாரும் கை தட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். பதிலுக்கு நீயும் இரண்டு அடி கட்டியிருந்தாய்.

வந்த மாரி வாசலில் நிற்கும்
நொந்த முல்லை நூறாய்ப் பூக்கும்.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை, ராகவா. உன் பொருத்தத்தில் பிழை ஒன்றும் இல்லை. மார்க்குப் போடச் சொன்னால் முழுதும் போட்டிருப்பேன். தேசத்தைப் பற்றியே இரவும் பகலும் நினைக்கிற வயது, அதைப் பற்றியே பேசுகிற காலம். எதைப் பார்த்தாலும் அதுவாகத்தான் தெரியும். கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு மனிதனுக்கு அவன் மனைவி ரத்தம் கக்குகிறாள் என்பதை முல்லை என்று எழுதி அனுப்பினவன் நான். அவன் அதற்குப் பொருள் கண்டுபிடித்தான். அவ்வளவுதான் நடந்தது. வேறு எந்த வீட்டிலும் இது நடந்திருக்காது. வேறு வீட்டில் 'உன் பெண்டாட்டிக்கு ரொம்ப முடியவில்லை, வா' என்று எழுதியிருப்பார்கள். அப்போதே எழுதியிருந்தால் நீ வந்திருக்கலாம். கப்பலுக்கு அப்போது காலம் இருந்தது.

அந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். மறைக்கவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து, தானே படித்தாள். அவளுக்கு நான் எழுதியது இன்னது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. படித்து முடித்ததும் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. அத்தை ஓடிவந்து தாம்பாளம் பிடித்தாள். அடங்கினபின், வாயைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் கை தட்டினாளாம் மாமா" என்றாள்.

நான் கடிதத்தை வாங்கி மடித்தேன்.

"மழை வாசல்ல நிக்கறதாம். காலை அலம்பிண்டு உள்ளே வரச் சொல்லுங்கோ."

அவள் ஒருத்திதான் இந்த வீட்டில் இப்போது சிரிக்கிறவள்.

உன் இரண்டு அடியைப் பல நாள் வைத்துக்கொண்டு பார்த்தேன். வாத்தியார் புத்தி. பந்தல், சிந்தும். வந்த, நொந்த. எதுகையை விடாமல் பிடித்திருக்கிறாய். வந்த, வாசல், மோனை. நொந்த, நூறாய், மோனை. எல்லாம் சரி. ஆனால் ஏன் நூறு? நொந்த முல்லை எதற்காக நூறாய்ப் பூக்க வேண்டும்? யார் சொன்னார்கள்? யோசித்தால் ஒரே காரணம்தான் அகப்படுகிறது. 'நொ'வுக்கு 'நூ' இசைகிறது. 'வெந்த முல்லை' என்று நீ தொடங்கியிருந்தால், 'வீணாய்ப் போகும்' என்று முடித்திருப்பாய். அதுவும் இதே அளவு இனிமையாக இருந்திருக்கும். அதற்கும் கை தட்டியிருப்பார்கள். எழுத்தோடு எழுத்து போய் ஒட்டிக்கொண்டதும் காது 'ஆமாம்' என்றுவிடுகிறது. காது ஆமாம் என்றபிறகு புத்தி வாயைத் திறப்பதில்லை. கேட்கிறவனுடைய புத்தி மட்டுமல்ல, எழுதுகிறவனுடையதும். என் 'சேராது வேரை'யும் அப்படித்தான் வந்தது. 'சிந்தும்' என்று எழுதிவிட்டேன், 'சேராது' வந்து நின்றது. அழகாக இருந்தது. அவள் வாந்தி எடுத்த பால் அழகாகிவிட்டது. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன் என்பதை எப்படி உனக்குச் சொல்வது.

பிள்ளைக்கு அப்பா புத்தி சொல்லித்தான் கடிதத்தை முடிக்க வேண்டும் என்றால் என்னிடம் இருப்பது இவ்வளவே. ஒன்றுக்குப் பெயர் தெரிந்துவிட்டால் அது புரிந்துவிட்டது என்று நினைக்காதே. அடி இனிமையாக ஓடுகிற இடத்தில் நின்று பார், அங்கேதான் பொய் ஏறியிருக்கும். இது உனக்கு உதவும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு உதவவில்லை.

தந்தி அடித்திருக்கக் கூடாதா என்று கேட்பாய். முந்தாநாள் போனேன். தபாலாபீஸில் இருப்பவர் தெரிந்தவர்தான். உன் விலாசத்தைச் சொல்லி, 'மனைவி உயிரோடிருக்கிறாள், பிழைக்க மாட்டாள்' என்று அனுப்ப வேண்டும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படியெல்லாம் அடிக்கக் கூடாது சார். 'சீரியஸ், உடனே புறப்படு'ன்னு போட்டுடறேன். புரிஞ்சுக்குவார்."

"என்ன புரிஞ்சுக்குவான்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் அந்தத் தந்திக்கு என்ன பொருள் என்று உனக்கே தெரியும். என் அப்பா போனபோது கல்லூரிக்கு வந்ததும் அதே தந்திதான். பிரித்த உடனே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினேன். உனக்கு அது வந்தால் நீயும் அங்கே தலை முழுகுவாய். இங்கே அவள் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள். தந்தியிலும் மங்கலம். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது செங்கமலம், "தந்தி வேண்டாம் மாமா. இனிமே அவர் கப்பல் ஏறினாலும் நடக்கப் போறதில்லை. காகிதம் எழுதுங்கோ" என்றாள்.

"எழுதினா மட்டும் என்னம்மா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. தெரிஞ்சிருக்கணும். நான் போனப்புறமும் முல்லைன்னா தேசம்னு அவர் நினைச்சுண்டு இருக்கப்படாது."

அதனால்தான் இது.

எழுதிக்கொண்டு வரும்போதே ஒன்று தெரிகிறது. நான் இத்தனை தூரம் நேராகச் சொல்லப் பாடுபடுகிறேன். உள்ளதை உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல். நீ படித்துக்கொண்டு வந்து, உன் புத்தி பழக்கத்தால், 'தன்மை நவிற்சி' என்று சொல்லிவிடும். அதற்கும் பெயர் வைத்திருக்கிறார்களே. அலங்காரமே இல்லாமல் சொன்னால் அதுவும் ஓர் அலங்காரம் என்று வரிசையில் சேர்த்துவிட்டார்கள். வெளியே போக வாசல் வைக்கவில்லை. அதைச் சொல்லாதே, ராகவா. கேட்டுக்கொள்கிறேன். பெயர் வாயில் வந்தால் விழுங்கிவிடு.

இன்று மத்தியானம் இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள்தான் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். குடை பிடித்தவர் வந்த இடத்தில் உதடு லேசாக அசைந்தது. முடித்ததும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"இன்னும் எழுதலையே மாமா."

"எதை?"

"அதைத்தான். படுத்திண்டிருக்கா, எழுந்திருக்க மாட்டா, போயிடுவா. எல்லாம் இருக்கு. அது இல்லை."

"எழுதறேன்."

"செத்துண்டிருக்கான்னு எழுதுங்கோ."

அடுக்களையிலிருந்து அத்தை வந்துவிட்டாள். கை ஈரம். "வேண்டாம்டா. பெத்தவ சொல்றேன். இந்த ஆத்துல அந்த வார்த்தையை எழுதாதே. எழுதினா நடந்துடும்டா" என்றாள்.

"அம்மா, நீ தளிகையைப் பாரு" என்றாள் செங்கமலம்.

அத்தை போகவில்லை. நின்றாள். பிறகு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் இருந்த மைக்கூட்டை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

ராகவா, உன் மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது செத்துப்போயிருப்பாள். இந்த இரண்டாவது வரி அவள் சொல்ல நான் எழுதியது.

எழுதியதை வாசித்தேன். 'சரி' என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள். வேறு ஏதாவது உனக்கு எழுத வேண்டுமா என்று கேட்டேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துக் காகிதத்தை மடிக்கப் போனேன். அப்போது சொன்னாள்.

"கை தட்டினவாகிட்டேயும் சொல்லிடச் சொல்லுங்கோ மாமா. அது தேசம் இல்லை. நான்தான்னு."